பயம் தெளியக் குடித்த தண்ணீர்

பாண்டிச்சேரியில் பழைய பொருள் விற்கும் ஒரு கடையில் அந்தப் பதக்கத்தைக் கையில் எடுத்ததுமே, வெள்ளி ஊறிய தண்ணீரின் ருசி என் நாக்கில் வந்துவிட்டது. மரக்காணம் உப்பளத்தை ஒட்டி, கடல் அரித்துக்கொண்டு போவதற்குமுன் இருந்த கப்பக்கார வீட்டில், சாமி மாடத்தில் இதே மாதிரி ஒரு பதக்கம் இருந்தது. அந்த வீட்டு முப்பாட்டனார் பிரெஞ்சுக்காரன் கப்பலில் வேலை பார்த்தபோது கொண்டுவந்ததாம். அதிலிருந்த பெண் முகத்தை நாங்கள் அம்மன் என்றே நம்பினோம். குங்குமம் அப்பி அப்பி மூக்கே மழுங்கியிருந்தது. உப்புப் பாத்தியில் பாம்பைக் கண்டு அலறிய பிள்ளையோ, அலையில் உருண்டு எழுந்த பிள்ளையோ, யாரானாலும் அங்கேதான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அந்த வீட்டு அத்தை பதக்கத்தைச் சொம்புத் தண்ணீரில் ணங்கென்று போட்டு, தலையைத் தடவிக்கொண்டே, "குடிச்சிடு கண்ணு, பயமெல்லாம் பூடும்" என்பாள். எனக்கு ஒவ்வொரு முறையும் பயம் போய்விடும்.

"இது எதுக்குக் குடுத்ததுங்க?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"ஆப்பிரிக்காவுல சண்டைக்குப் போன கப்பக்காரங்களுக்கு பிரெஞ்சுக்காரன் குடுத்ததும்மா. கரையோர ஊருங்கள கப்பல்லேர்ந்தே பீரங்கியால சுட்டாங்க. குடிசை, புள்ளகுட்டி எதுவும் மிஞ்சல."

பதக்கம் என் விரல்களிலிருந்து நழுவி மேசைமேல் ணங்கென்று விழுந்தது. அதே சத்தம்.

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"என்னம்மா, பயந்துட்டீங்களா? கொஞ்சம் தண்ணி குடிங்க."