அம்மா உலர்த்திக் கொடுத்த சிலிக்கான்

எண்பதுகளின் நடுவில், ஒரு கார்த்திகை மாதம், ஏற்காட்டில் எங்கள் வீட்டு அடுப்படியில் நடந்தது இது. நான் அப்போது சென்னையில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவி. அம்மா எஸ்டேட்டில் காபிப் பழம் பறித்து என்னைப் படிக்க வைத்தவள்.

என் மூன்று வருட உழைப்பு, நகம் அளவுள்ள நான்கு சிலிக்கான் துண்டுகளில் இருந்தது. கதிர் பாய்ச்சி அவற்றுக்குள் வேண்டுமென்றே குறை உண்டாக்கியிருந்தோம். ஓர் அணு விலகிப்போன காலியிடம், பக்கத்தில் ஒரு பாஸ்பரஸ் அணு. அங்கே தங்கும் எலக்ட்ரானுக்கும் பாஸ்பரஸின் அணுக்கருவுக்கும் தற்சுழற்சி உண்டு. இரண்டும் குட்டிக் காந்தங்கள். ஒன்றையொன்று சீண்டுவதால், அதை அளக்கும் கருவியில் ஒரே கோடாக வரவேண்டியது இரண்டாகப் பிரிந்து வரும். அந்த இரட்டைக் கோடுதான் என் ஆய்வேடு. முதல் அளவு மட்டும்தான் எடுத்திருந்தேன். லேபில் விட்டுவர மனசில்லாமல், பெரிய புத்திசாலி மாதிரி, பஞ்சில் சுற்றி ஊருக்கே கொண்டுவந்துவிட்டேன்.

"இதுல ஈரம் படக்கூடாதும்மா, பார்த்துக்க" என்றேன். என்ன ஏதென்று கேட்டவளிடம், "உனக்குச் சொன்னா புரியாது" என்று முடித்துக்கொண்டேன்.

மறுநாள் ஒண்டிக்கடை முக்குக்குச் சாமான் வாங்கப் போய்விட்டுத் திரும்பினால், அடுப்புத் தணலில் காபிக்கொட்டை வறுத்த இரும்புச் சட்டி. அதற்குள் என் நான்கு துண்டுகள்! பனிமூட்டக் காலத்தில் உப்போ மிளகாயோ நமுத்துப்போனால் வறுத்த சட்டியில் போட்டு எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"பஞ்சு நொம்ப நமுத்துப் போச்சு கண்ணு. நீதான ஈரம் ஆகாதுன்ன? அதான் சட்டியில போட்டேன். இப்பப் பாரு, கலகலன்னு இருக்குது" என்று சிரித்தாள்.

அந்தச் சூட்டுக்கு அணுக்கள் நகர்ந்து குறை கலைந்துபோகும். பார்க்க அதே பளபளப்பு, உள்ளே ஒன்றும் இருக்காது. "குடியைக் கெடுத்துட்டியேம்மா!" என்று கத்தினேன். பெற்றவளைப் பார்த்து அப்படிச் சொன்ன வாய் இது.

அவள் பதறிப்போய்ச் சட்டியை இறக்கினாள். "கல்லுதான கண்ணு, என்ன கெட்டுப்போச்சு?"

அழுதுகொண்டே அப்போதுதான் முதல்முறையாக அவளுக்கு விளக்கினேன். சூடு பட்டால் உள்ளே இருப்பது போய்விடும், ஆறவைத்தாலும் திரும்பாது என்றேன்.

"வறுத்த கொட்டை மொளைக்காதுன்னு எனக்குத் தெரியாதா சாமி? இத நேத்தே சொல்லியிருந்தா அடுப்புப் பக்கம் கொண்டுபோயிருப்பனா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. துண்டுகளைச் சட்டியில் பார்த்த அதிர்ச்சிகூட இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

சென்னையில் கருவியில் வைத்துப் பார்த்தேன். இரண்டு கோடும் இல்லை. புதுத் துண்டுகளுக்குக் கதிர் பாய்ச்சி மறுபடி தொடங்க ஒரு வருடம் பிடித்தது. இன்று இதுபோன்ற குறைகளை வைத்தும் குவாண்டம் கணினி செய்யப் பார்க்கிறார்கள். அதைப் பற்றி யார் கேட்டாலும் வறுத்த கொட்டையிலிருந்துதான் சொல்லத் தொடங்குகிறேன். "உனக்குப் புரியாது" என்று அதற்குப் பிறகு நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.