லிஃப்ட்காரரின் நைட்ரஜன் கணக்கு

மாலை நாலேகாலுக்கு ஆஸ்பத்திரி வார்டிலிருந்து போன் வந்தது. அவர் போய்விட்டார் என்றார்கள். அவருக்காக அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் 'லிஃப்ட்காரர்'. இருட்டுக் குழிக்குள் தொங்கியபடி ஊராரை மாடிக்கு அனுப்பியவர் குடியிருந்தது தரைத்தளத்தில். "ஏறி எறங்குறதெல்லாம் வேலையோட சரி" என்பார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் கேட்ட பேச்செல்லாம் அவருடையதுதான்.

குடல் அறுவைக்குப் பிறகு புண் ஆறவில்லை. சங்கிலி இழுத்த கைகள் இளைத்துக்கொண்டே வந்தன. உணவியல் மேடம் விளக்கினார்: புரதத்தில் நைட்ரஜன் இருக்கிறது. சாப்பாட்டில் உள்ளே போவதைவிட வெளியேறுவது அதிகமானால், உடம்பு தன் தசையையே கரைத்துச் செலவழிக்கிறது என்று பொருள். நைட்ரஜன் பெரும்பாலும் சிறுநீரில்தான் வெளியேறும்; அதை அளக்க, ஒரு நாள் முழுவதும் வரும் சிறுநீரைத் துளி விடாமல் கேனில் சேர்க்க வேண்டும்.

"புரியுது மேடம். ஏறுறவங்களவிட எறங்குறவங்க ஜாஸ்தி. கடைசியில லிஃப்ட் காலி" என்றார் இவர். மேடம் சிரித்துவிட்டார்.

முதல் முடிவில் வரவுதான் அதிகம் என்று வந்தது. இதே சாப்பாடு போதும் என்றார்கள். அன்றுதான் நான் வயிறாரச் சாப்பிட்டேன். ஆனால் அவர் கைக்கடிகாரம் நழுவி முழங்கைக்கு ஏறியது. மேடம் மறுபடி வந்தார்.

"சார், எல்லாத்தையும் கேன்லதான் ஊத்துனீங்களா?"

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ராத்திரி மட்டும் செவுத்தப் புடிச்சுக்கிட்டு நானே பாத்ரூம் போயிட்டேன். இவ ஸ்டூல்ல உக்காந்தபடியே தூங்குறா. எழுப்ப மனசு வரல."

"எழுப்பத்தானே பக்கத்துலயே கெடக்கேன்? மனுஷன் செய்யுற வேலையா இது?"

"அந்தக் கொறட்டைய நிறுத்துனா பாவம்டி."

வெளியேறியதில் ஒரு பங்கு கேனுக்கு வராததால்தான் வரவு கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. புரதத்தைக் கூட்டினார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்குப் புதுக் கேன் வைத்தோம். "இன்னிக்கு ராத்திரி கண்டிப்பா எழுப்புறேன்" என்றார். மத்தியானம், வீட்டில் அவித்த முட்டை வேண்டும் என்று கேட்டார். அதற்காகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

இப்போது குழாய் சொட்டினாலும் விழித்துக்கொள்கிறேன்.

வார்டில் அவர் சாமான்களை எடுக்கப் போனபோது கேன் கட்டிலடியில் இருந்தது. பாதிகூட நிரம்பவில்லை. அதில் ஒட்டிய தாளில் தொடங்கிய நேரத்தை அவரே எழுதியிருந்தார். முடிந்த நேரம் எழுதப்படவில்லை.