ஒரே நம்பரில் நாலு பேர்

போன ஆடி மாசம், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நடந்தது இது. கார்களுக்கு ஒயர் தயாரிக்கிற கம்பெனி ஒன்றில், ஆள் எடுக்கிற பிரிவில் இருக்கிறேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த மாசம்தான் எங்களுக்கு ஒரு ஏ.ஐ. வந்திருந்தது. வேலை கேட்டு வருகிறவர்கள் எழுதிக் கொடுக்கிற பயோடேட்டாவைப் படம் எடுத்துப் போட்டால் போதும். பேர், வயசு, போன் நம்பர் எல்லாம் அதுவே படித்து, ஒவ்வொருவரையும் சாஃப்ட்வேரில் ஏற்றிவிடும். செலக்ட் ஆனவர்களுக்கு மெசேஜும் அனுப்பிவிடும். ரெண்டு நாள் உட்கார்ந்து டைப் அடிக்கிற வேலை, நாஷ்டா முடிப்பதற்குள் முடிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

முடிக்கும் முன்னால் அது ஒரு கேள்வி கேட்டது. 'ஒரே நம்பரில் நாலு பேர் இருக்கிறார்கள். ஒரே ஆள் என்று சேர்த்துவிடலாமா?' யாரோ நாலு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து, பேரைக்கூடப் பார்க்காமல் 'சரி' தட்டினேன். இந்தப் பக்கத்து வழக்கம் எனக்குத் தெரியாதா என்ன? வீட்டில் இருக்கிற ஒரே போனை வீட்டுக்காரர் வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். அதனால் தெருவில் யாரிடம் போன் இருக்கிறதோ, அவர் நம்பரையே எல்லாப் பெண்களும் எழுதுவார்கள். எட்டு வருஷமாகப் பார்க்கிறேன். பார்த்து என்ன பிரயோஜனம்!

வேலைக்குச் சேரும் நாள் வந்தது. அஞ்சு மணிக்குள் சேராதவர்களின் இடத்தை அடுத்து இருக்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். பதினோரு மணிக்கு கேட்டிலிருந்து செக்யூரிட்டி கூப்பிட்டார்.

"மேடம், ஒரு அம்மா பேரு லிஸ்ட்ல இல்ல. போவச் சொன்னா போவ மாட்டேன்னுது. உங்களப் பாக்கணுமாம். கூட வந்த பொண்ணு உள்ள பூடுச்சு."

ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே, "பேர் இல்லன்னா செலக்ட் ஆகலன்னு அர்த்தம். அனுப்பிடுங்க, சும்மா பேஜாரு பண்ணாதீங்க" என்று வைத்துவிட்டேன்.

மூணு மணிக்கு, அன்று சேர்ந்த ஒரு பெண்ணின் ஃபைலைத் திறந்தால், ஒரே பேருக்குக் கீழே நாலு பயோடேட்டா! நாலு முகம்! இன்னொரு முகத்துக்குப் பக்கத்திலும் என் கையெழுத்தில் 'செலக்டட்'. காலையில் கேட்டில் நின்றது இவர்தான்! "இப்போ பாக்கற தையல் கம்பெனி வேலைய உட்டுடட்டா மேடம்?" என்று இன்டர்வியூவில் என்னிடம் கேட்டவர். "தாராளமா விட்டுடுங்க" என்று சொன்னதும் நான்தான்.

அந்த நம்பருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. செக்யூரிட்டிதான் கூப்பிட்டார். "மேடம், புதுசா வந்த பொண்ணுங்க போன் வெச்ச லாக்கர்ல ஒண்ணு உடாம அடிச்சிக்கினே கீது."

அட ஆண்டவா! போன்காரப் பெண் எங்கள் டிரெய்னிங் ஹாலில்தானே உட்கார்ந்திருக்கிறாள்! ஓடிப்போய்க் கேட்டேன்.

"அக்கா ஊட்டுக்குப் போயிருக்காது மேடம். பழைய கம்பெனி கேட்டாண்ட நிக்கும், திரும்பச் சேத்துக்கச் சொல்லி."

ஸ்கூட்டரில் சாவி நுழைய மாட்டேன் என்கிறது. அவசரத்தில் அண்டாவுக்குள் கை போகாது என்பது சும்மா இல்லை. வழியெல்லாம் லாரி. ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. தொழிற்பேட்டையின் அடுத்த கோடியில், மூடிய கேட்டுக்கு வெளியே சாப்பாட்டுப் பையோடு நின்றுகொண்டிருந்தார். இடமில்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கம்ப்யூட்டருக்கு என்னியத் தெரியாது மேடம். உங்களுக்குத் தெரியும் இல்ல? கேட்டாண்ட ஒரு தபா வந்து பாத்திருக்கலாம் இல்ல?"

வெட்கமாகப் போய்விட்டது. "ஏறுங்கம்மா" என்று மட்டும் சொன்னேன்.

மேனேஜர் முன்னால் நின்றபோது மணி நாலே முக்கால். "அந்த ஏ.ஐ. சொதப்பிடுச்சா?" என்று அவரே எடுத்துக் கொடுத்தார். 'ஆமா சார்' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்தில் அந்த அம்மா நிற்கிறார்.

"இல்ல சார். அது கேட்டுச்சு. நான்தான் பாக்காம சரின்னுட்டேன்."

என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, அந்த அம்மாவின் ஜாயினிங் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டார்.

இன்றைக்கும் கேன்டீனில் பார்த்தால் அந்த அம்மா சிரிப்பார். என்னால்தான் பதிலுக்கு நேராகச் சிரிக்க முடிவதில்லை. மிஷின் ஒன்று கேட்டது, மனுஷி ஒருத்தி கேட்டாள், ரெண்டு பேருக்கும் நான் நிமிர்ந்து பார்க்காமலேதான் பதில் சொன்னேன் என்பது இன்னும் என்னைச் சும்மா இருக்க விடவில்லை.