பெட்டி மூடும்வரை

எனக்குச் சந்தேக புத்தி அதிகம். இந்த வயதில் இதை ஒத்துக்கொள்ள என்ன வெட்கம்? தயிர்க்காரி அளந்து ஊற்றினால் உழக்கின் அடியைத் தடவிப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் சைக்கிள் சக்கரத்தில் எந்தத் தெருவின் சேறு என்று பார்ப்பேன். அப்படிப்பட்டவளைத்தான் கண் தெரியாத மாமனார் இருந்த வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள்.

வீடு என்றால் ராயபுரத்தில் ஒரே ஒரு அறை. முற்றத்தைச் சுற்றி எட்டுக் குடித்தனம், எட்டுக்கும் ஒரு குழாய், தட்டி வைத்து மறைத்த ஒரு குளிக்கும் இடம். சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். வீட்டுக்காரருக்குப் பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை. விடிந்ததும் போனால் சாயங்காலம் சங்கு ஊதிய பிறகுதான் திரும்புவார். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். பகல் முழுக்க அந்த அறையில் நானும் மாமனாரும்தான்.

அவர் நாற்பது வருஷம் கட்டுமரம் ஏறியவர். கண் போய் ஐந்து வருஷம் என்றார்கள். எனக்குத் தெரிந்த குருடர்களுக்குக் கண்ணில் பூ விழுந்திருக்கும், இல்லாவிட்டால் அம்மை போட்டுக் குழிந்திருக்கும். இவர் கண்ணோ கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் பளிச்சென்று இருந்தது. உள்ளே நரம்பு செத்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். நரம்பை யார் பார்த்தது?

போதாததற்கு அந்த மனுஷன் புலம்பியதே இல்லை. மூக்குத்தி தொலைந்ததற்கே மூன்று நாள் சாப்பிடாதவள் நான். கண்ணையே தொலைத்தவர் ஒரு நாளாவது ஐயோ என்று சொல்ல வேண்டாமா? இவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, இன்றைக்குக் காற்று தெற்கே திரும்பிவிட்டது என்பார். பால் பொங்குவதற்கு முன்பே சொல்வார். கூடையை இறக்கும்போதே என்ன மீன் என்று சொல்வார். இறால் உரித்தால் ஒரு காலோ ஓடோ ஒட்டியிருக்காது, நான் உரித்தால் இருக்கும்.

பக்கத்து அறைக்காரி வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள்.

“தா, உம் மாமனாருக்குக் கண்ணு சோக்கா கீது. குந்திக்கினே துன்றதுக்கு வேசம் போடுது கெயவன்.”

நான் சோதனையில் இறங்கினேன். அவர் முகத்துக்கு நேரே நாக்கைத் துருத்திக் காட்டினேன். சிரிக்கவில்லை. நடிப்பு என்று நினைத்தேன். ஒரு நாள் அவர் நடக்கும் வழியில் வாளியை வைத்தேன். இடித்து விழுந்து முழங்கால் தோல் உரிந்தது. அப்போதும் நடிப்பு என்றுதான் நினைத்தேன். விலகிப் போயிருந்தால் கண் தெரிகிறது என்றிருப்பேன், விழுந்ததால் கள்ளன் என்றேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பட்டப்பகலிலேயே பேய் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் சுவர் விஷயத்தைக் கவனித்தேன்.

குளித்துவிட்டு ஈரப் புடவையோடு அறைக்குள் வந்துதான் நான் மாற்றுத்துணி கட்டவேண்டும். துணி டிரங்குப் பெட்டியில் இருந்தது. அதன் மூடியைத் தூக்கினால் கிறீச்சென்று எட்டு வீட்டுக்கும் கேட்கும். நான் மூடியைத் தூக்கியதும் அவர் உட்கார்ந்த இடத்திலேயே நகர்ந்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மூடியை அடித்துச் சாத்தியதும் பழையபடி இந்தப் பக்கம் திரும்பினார். மறுநாளும் அப்படியே செய்தார். ஒரு வாரம் பார்த்தேன், ஒரு நாள்கூடத் தவறவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. கண் தெரியாதவருக்குச் சுவர் என்ன, வாசல் என்ன? எதற்குத் திரும்பவேண்டும்? திரும்புகிறவருக்குக் கண் தெரிகிறது என்றுதானே அர்த்தம்? நான் கல்யாணமாகி வந்து ஒன்றரை வருஷம். அத்தனை காலையும் நினைத்துப் பார்த்தேன். கிழவர் தினமும் ஒழுங்காகத் திரும்பினாரா, எத்தனை நாள் திரும்பாமல் இருந்தாரோ என்று நினைக்க நினைக்க அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது.

“நெசமாவா மே?”

“உங்க நைனாவைப் பத்திப் பொய் சொல்லி எனக்கு இன்னாய்யா ஆவப்போவுது? ஒண்ணு அவரு இருக்கணும், இல்ல நான் இருக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட பிறகு, சுற்றி வளைத்துத் தகப்பனாரைக் கேட்டார். சுவரைப் பற்றி மூச்சு விடவில்லை, அதற்கு வாய் வரவில்லை.

“நைனா, உனுக்குக் கொஞ்சமாச்சும் கண்ணு தெரியுதா?”

“கண்ணு தெரிஞ்சா கடலுக்குப் போவாம இங்க இன்னாடா பண்றேன்?”

கேட்டதற்கு நேர் பதில் வரவில்லை பார் என்று நான் மனசுக்குள் குறித்துக்கொண்டேன். நெட்டுக்குப்பத்தில் என் நாத்தனார் இருந்தாள். கொஞ்ச நாள் அக்கா வீட்டில் இருந்துவிட்டு வா என்று வீட்டுக்காரர் சொன்னார். மாமனார் செரி என்றார், ஏன் என்று கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கூட்டிப்போவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை காலையில் அவருக்குப் பழைய சோறும் வறுத்த காரப்பொடி மீனும் வைத்தேன். காரப்பொடி என்றால் உயிர் அவருக்கு. அவருடைய இரண்டு வேட்டியை எடுத்து மூட்டை கட்டலாம் என்று டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மூன்றாவது வேட்டி முற்றத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுக்கப் போன இடத்தில் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. குடத்தை வைத்தேன். என் முறையில் பக்கத்து அறைக்காரி கையை வைத்தாள். எனக்கு உயிர்த் தோழி ஆனாலும் தண்ணீர் விஷயத்தில் விடமுடியுமா? ஒரு மணி நேரம் போயிருக்கும்.

திரும்பி வந்தபோது பூனை தட்டில் மீன் இருந்த ஓரத்தை நக்கிக்கொண்டிருந்தது. காரப்பொடியில் ஒரு முள்கூட மிச்சமில்லை. மாமனார் தட்டுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து, முட்டி மேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். பெட்டி நான் விட்டுப்போனபடியே திறந்து கிடந்தது.

“யாரு, மருமவளா?” திரும்பாமலே கேட்டார்.

“நான்தான் மாமா. இன்னா அங்க திரும்பிக் குந்திக்கினு கீறீங்க?”

“பொட்டி தொறந்த சத்தம் கேட்டுச்சு. சாத்துன சத்தம் கேக்கலியேம்மா.”

“நான் அப்பவே வெளிய போயிட்டேனே.”

“போனியா, உள்ளாற கீறியான்னு சந்தேகமா இருந்துச்சு. கொயாயாண்ட ஒரே கூச்சல். சந்தேகமா இருக்கசொல்லோ திரும்பலாமா?”

பூனையை விரட்டக்கூட எனக்குக் கை வரவில்லை. கண் தெரிந்தவர் என்றால் காலியான அறையில், ஆசைப்பட்ட மீனைப் பூனைக்கு விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பாரா? ஆனாலும் என் புத்தி விடவில்லை. கேட்டேவிட்டேன்.

“கண்ணுதான் தெரியாதே மாமா. எந்தப் பக்கம் பாத்தா இன்னா?”

“எனுக்குத் தெரியலன்றது எனுக்குத் தெரியும். உனுக்குத் தெரியாதேம்மா. நீ வாளி வெச்ச அன்னிக்கே புரிஞ்சுக்கினேன்.”

நான் பெட்டியைச் சாத்தினேன். அவர் திரும்பி, தட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, சோற்றை மட்டும் தின்றார். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அழுகைச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும், எது கேட்காது அவருக்கு?

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். மூட்டை எங்கே என்று கேட்டார்.

“மாமா எங்கியும் போவல.”

“நீதான மே ஒரே ரகளை பண்ண?”

“தப்பா சொல்லிட்டேன். வுட்டுடுய்யா.”

விட்டிருக்கலாம். அந்த மனுஷனுக்கு எப்போது வாயை மூடுவது என்று தெரியாது. “துணி மாத்துறப்போ நைனா பாக்குதுன்னு சொன்னியே” என்று மாமனாரை வைத்துக்கொண்டே உடைத்துவிட்டார். வாயில் வைத்த பீடியை மாமனார் எடுத்துக் கீழே வைத்தார்.

“நீ நம்புனியாடா?” என்று மகனை மட்டும் கேட்டார்.

என் மேல் கோபிக்கவில்லை. நெட்டுக்குப்பத்துக்கும் போகவில்லை. மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வந்து பெட்டியைத் திறந்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே நடந்து, வாசற்படி தாண்டி முற்றத்தில் போய் நின்றார். “மாமா, உள்ளயே இருங்க” என்றேன். “இருக்கட்டும்மா” என்றார்.

செத்துப்போகும்வரை நாலு வருஷம் அப்படித்தான். எத்தனையோ முறை காலில் விழாத குறையாகச் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. ஐப்பசி மழையிலும் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு, அறைக்கு முதுகைக் காட்டி முற்றத்தில் நிற்பார். மூடியை நான் எவ்வளவு ஓங்கிச் சாத்தினாலும் உடனே வரமாட்டார். வெளியே நின்றபடியே கேட்பார்.

“சாத்திட்டியாம்மா? வரலாமா?”