நான் சுருக்கிய சுடலைக் காட்சி

கணினித் திரையில் அந்தச் சுடலை நெருப்பு சதுரம் சதுரமாக உடைந்து நின்ற கணத்தை என்னால் இன்றும் நிதானமாக நினைக்க முடிவதில்லை. அப்போது கொக்குவிலில் ஒரு ஸ்ரூடியோவில் வீடியோ தொகுக்கும் வேலையில் இருந்தேன். அது, உரும்பிராயில் எனக்குக் கணக்குப் படிப்பித்த ரீச்சருடைய கணவரின் செத்தவீட்டு வீடியோ. பள்ளிக்கூடம் விட்டு எத்தனையோ வருடமாகியும் ரீச்சரை வீதியில் கண்டால் பயத்தில் மற்றப் பக்கம் போகிறவள் நான். போயும் போயும் அவருக்கா இப்படிச் செய்தேன்.

அவருடைய ஒரே மகன் வெளிநாட்டில் ஓர் அகதி முகாமில் இருந்தான். வந்து கொள்ளி வைக்க வழியில்லை. கணவரின் தம்பி மகன்தான் அவனுக்காகக் கொள்ளிக்குடம் சுமந்தான். அதை மகன் பார்க்க வேண்டும். முகாமில் இணைப்பு அறுந்து அறுந்து வரும்; பெரிய வீடியோ போகாது. "சின்னதாக்கி அனுப்பு பிள்ளை. ஆனா ஆக்கள் தெளிவாத் தெரியவேணும்" என்றார் ரீச்சர்.

எனக்கோ கெட்டிக்காரி என்ற நினைப்பு. படத்தின் நீள அகலத்தில் கைவைக்காமல், நொடிக்குச் செலவாகும் தரவை மட்டும் குறைத்தேன். செத்தவீட்டு வீடியோ என்றால் நாங்கள் சரிபார்ப்பது பிரேதத்தின் முகத்தைத்தான். ரீச்சரின் கணவரின் முகம் பளிச்சென்று இருந்தது. இன்னும் குறைத்தேன், அப்போதும் பளிச். அனுப்பிவிட்டு, அடுத்த கலியாணவீட்டு வீடியோவுக்குக் கணினியில் இடம் வேண்டுமென்று மூலப் படத்தை அழித்தேன். கமரா அட்டையில் அதற்குள் வேறு படம் ஏறியிருந்தது. அசையாத முகத்துக்குப் போதுமான தரவு, ஆடுகிற நெருப்புக்கும் புகைக்கும் போதாது என்பது, அனுப்பியதைப் பிறகு ஓட்டிப் பார்த்தபோதுதான் மண்டையில் ஏறியது. குடத்தோடு சுற்றுகிறவன் யாரென்றே தெரியவில்லை. இப்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது நெருப்பைத்தான். அன்று சுருக்கிய பிரதியில் அதைப் பார்க்கவேயில்லை.

உரும்பிராய் போகும் வழியெல்லாம் பொய்களை அடுக்கினேன். ரீச்சரைக் கண்டதும் ஒன்றும் வரவில்லை, உள்ளதைச் சொன்னேன். மகன் ஏற்கெனவே போனில் இருந்தான். ரீச்சர் ஏசவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"பெம்பிளையள் சுடலைக்குப் போறேல்லைத்தானே. நான் வீட்டுப் படலையோட நிண்டிட்டன்" என்றார். "ஆம்பிளையளைக் கேட்டா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது எண்டுதான் சொல்லுறாங்கள். வீடியோவிலை பாப்பம் எண்டு நானும் இருந்தன். வெட்டி ஒட்டேக்கை நீ முழுக்கப் பாத்தனிதானே. எங்கள் ரெண்டு பேருக்கும் சொல்லு."

சொன்னேன். குடத்தில் போட்ட ஒவ்வொரு துளையையும், தண்ணீர் அந்தப் பெடியனின் முதுகில் வழிந்ததையும், மூன்றாம் சுற்றில் அவன் விக்கி விக்கி அழுததையும் சொன்னேன். கொள்ளியை அவன் கையில் கொடுத்த இடத்தில், அது போனில் இருக்கும் மகன் வாங்கவேண்டியது என்று நிறுத்திவிட்டேன்.

ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சொல்லு பிள்ளை. ஒண்டையும் விடாதை."