எத்தனைபேர் மாப்பிள்ளை

அந்தப் பெயரைத் தையலம்மா முதன்முதலில் கேட்டது, மகளுக்குப் பார்த்த வரனைப் பற்றி விசாரிக்கப் போன தம்பி திரும்பி வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபோது. தையல் மெஷினை மிதித்துக்கொண்டே, "பையன் எப்படிடா?" என்று கேட்டார்.

"பேரைச் சொன்னா ஆபீஸ்ல யாருக்கும் தெரியலக்கா. கடைசியில காவலாளிதான், 'ஓ, நம்ம எத்தனைபேரா?'ன்னு கேட்டார்."

"அது என்னடா பேரு?"

"யார் எதைச் சொன்னாலும் 'எத்தனை பேருக்கு?'ன்னு கேப்பாராம். கேன்டீன் காபி வயித்தைக் கலக்கிடுச்சுன்னு இந்தக் காவலாளி போய்ச் சொல்லியிருக்கார். ஐயோ பாவம்னு ஒரு வார்த்தை இல்ல. 'குடிச்சவங்க எத்தனை பேர், கலக்கினது எத்தனை பேருக்கு, குடிக்காதவங்கள்ல யாருக்காவது கலக்கிச்சா'ன்னு கேட்டாராம்."

தையலம்மா மிதிப்பதை நிறுத்தினார். "வேற கெட்ட பழக்கம் ஏதாவது?"

"இதுக்கு மேல என்னக்கா வேணும்?"

ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணு என்பார்கள். இந்தப் பையனிடமோ அரைப் பொய்கூட விலைபோகாது போலிருக்கிறதே என்று தையலம்மாவுக்கு ஒரு பக்கம் கலக்கம், ஒரு பக்கம் திருப்தி. திருப்திதான் ஜெயித்தது.

மாப்பிள்ளைக்குப் படிப்பதுதான் வேலை. மருந்து, ஊசி, ஆபரேஷன் என்று எங்கெங்கோ இருக்கும் டாக்டர்கள் சோதித்துப் பார்த்து எழுதிய கட்டுரைகளைத் திரட்டி, எது பலன் தருகிறது, எது கெடுதல் செய்கிறது, எது சும்மா பேருக்கு என்று நிறுத்துப் பார்த்துச் சொல்லும் அலுவலகம் அது. ஒரு கட்டுரையைக் கையில் எடுத்தால் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் திருப்புவார். அங்கேதான் ஆராய்ச்சிக்குச் செலவு செய்தது யார் என்று போட்டிருக்கும். மருந்து விற்பவனே செலவு செய்திருந்தால் ஒரு புருவம் மேலே போகும்.

தையலம்மாவுக்கு இது உடனே பிடிபட்டது. "பொண்ணு குணத்தைப் பொண்ணோட அம்மாகிட்டயா போய் விசாரிப்பாங்க? சரிதானே மாப்பிள்ளை?"

"அதேதான் அத்தை. பாதியில விட்டுட்டுப் போனவங்களையும் தேடிப் பிடிச்சுக் கேக்கணும். மருந்து ஒத்துக்காம ஓடினவங்களைக் கணக்குல சேர்க்காம, நின்னவங்களுக்கெல்லாம் குணமாச்சுன்னு எழுதிடுவாங்க."

வீட்டிலும் இதே கூத்துதான். மனைவியின் தாய்மாமன், அதாவது விசாரிக்கப் போன அதே தம்பி, ஒருநாள் செம்புக் காப்புப் போட்டுக்கொண்டு வந்து, தோள்வலி பறந்துவிட்டது என்றார்.

"எப்ப போட்டீங்க மாமா?"

"வலி உயிரை எடுத்துச்சே, அப்ப."

"உச்சியில நிக்கிற வலி எப்படியும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும் மாமா. இறங்குற நேரத்துல கையில எது இருக்கோ அதுக்குப் பேர் கிடைச்சுடும்."

"அப்ப இதைக் கழட்டிடவா?"

"வேண்டாம். உங்களுக்கு அழகா இருக்கு."

மாப்பிள்ளை சட்டையில் பொத்தான் மாற்றிப் போட்டிருப்பார். காபி ஆறும்வரை கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஆறிப்போச்சே என்று வருத்தப்படுவார். ஆனால் அலுவலகத்தில் அவர் ஒழுங்கே வேறு. ஒரே கட்டுரையை அவரும் கூட வேலை பார்க்கும் ஒரு பெண்ணும் தனித்தனி அறையில் படித்துத் தனித்தனியாகக் குறிப்பு எழுத வேண்டும். எழுதி முடிக்கும்வரை அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. இருவரும் சேர்ந்து டீ குடிப்பார்கள், மழையைப் பற்றிப் பேசுவார்கள், அவள் பையனின் சேட்டையைப் பற்றிப் பேசுவார்கள். கட்டுரையைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள். குறிப்புகள் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஆள் வந்து தீர்ப்புச் சொல்வார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தையலம்மாவின் முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது.

அவர் மிதி மெஷின்காரர். மகளைப் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் அந்த மெஷின்தான். மோட்டார் மாட்டிப் பார்த்தார். "நாம நில்லுன்னா நிக்க மாட்டேங்குது" என்று மறுநாளே கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டார். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் வரும் சீருடைத் தையல்தான் அவருக்கு வருஷத்துச் சம்பாத்தியம். சொந்தக் காலில் நிற்கிற மனுஷிக்கு அந்தக் காலே சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் எப்படி? டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, சிறு துளை போட்டு மூட்டுக்குள்ளே கழுவிச் சுரண்டிவிடும் ஆபரேஷன் ஒன்று உண்டு, செய்து பார்க்கலாம், அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். பக்கத்து வீட்டம்மா அதைச் செய்துகொண்டு கடைத்தெரு முழுக்கச் சுற்றிவிட்டு வருகிறார். செய்துகொண்டால் சில வாரம் மெஷினைத் தொட முடியாது. அந்த வருஷச் சீருடை வேறு கைக்குப் போய்விடும். செய்துகொள்ளாமல் வலி முற்றினால் மெஷினையே மறந்துவிட வேண்டியதுதான்.

அதிர்ஷ்டம் பாருங்கள், அதே ஆபரேஷனைப் பற்றிய கேள்வி அந்த மாதம் மாப்பிள்ளையின் மேஜைக்கே வந்தது. வீட்டில் எல்லோரும் கரும்பு தின்னக் கூலியா என்று நினைத்தார்கள். மாப்பிள்ளையோ எழுந்து மேலதிகாரியிடம் போய், "இதை நான் படிக்கக் கூடாது, வேற ஆளுக்குக் கொடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

மாப்பிள்ளையை நேருக்கு நேர் கடிந்துகொள்ள முடியுமா? தையலம்மா மகளைப் பார்த்துப் பேசினார், ஆனால் முன்கூடம்வரை கேட்கும்படி. "ஊர் உலகத்து முழங்காலையெல்லாம் படிக்கிறாரும்மா. மாமியார் முழங்கால் மட்டும் கசக்குதாமா? கேட்டுச் சொல்லு."

மகளும் அதே குரலில், "கேக்குறாங்க, சொல்லுங்க" என்றாள்.

மாப்பிள்ளை உள்ளே வந்தார். கட்டிலில் குவிந்திருந்த சின்னச் சட்டைகளில் ஒன்றை எடுத்து மடிக்கத் தொடங்கினார். "எனக்கு இதுல ஆசை இருக்கு அத்தை. ஆசை இருக்கிறவன் கை தராசுல படக் கூடாது."

"என்ன ஆசை?"

"அந்த ஆபரேஷன் உதவாதுன்னு வரணும்னு. நான் படிச்சா என் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்."

"ஏன் அப்படி?"

சட்டையின் கை உள்ளே போகாமல் துருத்திக்கொண்டு நின்றது. "எங்கம்மா சின்ன ஆபரேஷன்னுதான் போனாங்க. நடந்துதான் போனாங்க."

அவர் அம்மா கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டது எல்லோருக்கும் தெரியும். எப்படி என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

தையலம்மா குரலைத் தணித்துக்கொண்டார். கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டார். "அந்த மாதிரி எத்தனை பேருக்கு ஆகும் மாப்பிள்ளை?"

"ரொம்ப ரொம்பக் கொஞ்சம் பேருக்கு. எனக்கு நல்லாத் தெரியும் அத்தை. ஆனா அந்த ஒருத்தர் எங்கம்மா."

தையலம்மா அவர் கையிலிருந்து சட்டையை வாங்கி உதறி, தானே மடித்து வைத்தார். "அந்த டீ குடிக்கிற பொண்ணைக் கூட்டிட்டு வாங்க. அவளுக்கு என் மேல ஆசை ஒண்ணும் இருக்காது."

கட்டுரைகளை வேறிருவர் படித்து முடித்து முடிவு வெளியான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். மாப்பிள்ளை நூல் வாங்கி வருகிறேன் என்று கடைக்குக் கிளம்பிவிட்டார். வீட்டில் நூலுக்குப் பஞ்சமே இல்லை.

வெட்டுத்துணிகளுக்கு நடுவே முக்காலியில் உட்கார்ந்து அவள் சொன்னாள்: "வலியோட வந்தவங்களைச் சீட்டுக் குலுக்கி ரெண்டாப் பிரிச்சிருக்காங்கம்மா. ஒரு பாதிக்கு நிஜ ஆபரேஷன். இன்னொரு பாதிக்குத் தோலை மட்டும் கீறித் தைச்சு அனுப்பிட்டாங்க. யாருக்கு எதுன்னு அவங்களுக்கே தெரியாது."

"அடப்பாவிகளா. சொல்லாமலா?"

"ரெண்டுல ஒண்ணு நடக்கும்னு முன்னாடியே சொல்லி, சம்மதம் வாங்கித்தான். கடைசியில பார்த்தா ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி வலி குறைஞ்சிருக்கு."

"வெறும் தையலுக்கேவா? நான் நாள் முழுக்கத் தைக்கிறேனே, எனக்குக் குறையலயே."

அவள் சிரித்து முடிக்க நேரமாயிற்று.

"அப்ப பக்கத்து வீட்டம்மா நடக்குறாளே, அது?"

"நடக்குறாங்க. செய்யாம இருந்தாலும் நடந்திருப்பாங்களோ என்னவோ. தெரியாதும்மா."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா உங்களுக்கெல்லாம் சம்பளம்?"

"பாதிச் சம்பளம் அதுக்குத்தான்." பிறகு, தொடைக்குப் பலம் கொடுக்கும் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது, விடாமல் செய்தால் பலருக்குக் கொஞ்சம் குறைகிறது, கெடுதலும் குறைவு, ஆனால் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்றாள். "முடிவு உங்களுது. டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

டாக்டரும் சரி என்றார். தையலம்மா ஆபரேஷனைத் தள்ளி வைத்துவிட்டுப் பயிற்சியைப் பிடித்துக்கொண்டார். பிடித்த வேகத்தில் விடவும் ஆரம்பித்தார். ஒருநாள் துணி வெட்டணும், ஒருநாள் தலைவலி. கடைசியில் உண்மையைக் கக்கினார்: "இந்த வயசுல தனியாக் காலைத் தூக்கிட்டுக் கிடக்க எனக்கு வெக்கமா இருக்கு."

மறுநாள் காலையில் மாப்பிள்ளை முன்கூடத்தில் பாயை விரித்தார். "உள்ளே நீங்க, வெளியே நான். கதவு சாத்தியே இருக்கட்டும். நீங்கதான் சொல்லணும், எப்ப தூக்கணும், எப்ப இறக்கணும்னு."

மாப்பிள்ளையைச் சொன்னபடி ஆட வைக்கும் வாய்ப்பை எந்த மாமியார் விடுவார்? பள்ளிக்கூடம் திறப்பதற்குள் சட்டைகள் அத்தனையையும் தையலம்மா தானே மிதித்து முடித்தார். கால்சட்டைகளை மட்டும் தெருமுனைத் தையல்காரருக்குத் தள்ளிவிட்டார். இன்னமும் படி ஏறும்போது ஒரு முனகல் உண்டு.

"பயிற்சியிலதான் தேவலையாச்சா மாப்பிள்ளை, இல்ல தானாவா?"

"தெரியாது அத்தை. நீங்க ஒருத்தங்கதானே."

"எனக்குத் தெரியும். நீங்க காலைத் தூக்கி நிறுத்துங்க."

இப்போது மாப்பிள்ளை முன்கூடத்துப் பாயில் மல்லாந்து படுத்து, எந்த வலியும் இல்லாத தன் வலது காலை நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாத்திய கதவுக்கு உள்ளேயிருந்து அத்தை "இறக்கலாம்" என்று சொல்வதற்காகக் காத்திருக்கிறார்.