நேவி ஹோல்ட்

ஹல்துமுல்லையில் ஒரு பாமசியில் குளிசை எண்ணிக் கொடுப்பது என் வேலை. காலையில் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு இறங்கி, அங்கே உள்ள ஹோல்டில் பஸ் ஏறுவேன். மாலையில் அங்கேயே வந்து இறங்குவேன். ஆயுளில் பாதியை அங்குள்ள சீமெந்து வாங்கில் உட்கார்ந்தே கழித்துவிட்டேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். கேலி செய்கிறவர்களுக்கும் பஸ் பிந்தித்தான் வருகிறது.

அந்த ஹோல்ட் கடற்படையில் இருந்த ஓர் இளைஞனின் நினைவாகக் கட்டியது. எங்கள் தோட்டத்துக்குக் கீழே உள்ள சிங்களக் கிராமத்துப் பிள்ளை. போர்க்காலத்தில் வடக்குக் கடலில் நடந்த சண்டையில் அவன் இருந்த படகு வெடித்தது. பின்சுவரில் அவன் படத்தைப் பதித்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, படம் எடுக்கிறவர் சொன்னதற்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்ட வாய். கீழே சிங்களத்தில் அவன் பெயர். எங்களில் பலருக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. அதனால் படத்தைப் பார்த்தே இடத்துக்குப் பேர் வைத்துவிட்டோம். நேவி ஹோல்ட். போகப் போக ஹோல்டும் உதிர்ந்து வெறும் நேவி ஆனது. "எங்க நிக்கிற?" என்று போனில் கேட்டால், "நேவியில நிக்கிறேன்" என்போம்.

கட்டிய புதிதில் எனக்கு அதைப் பிடிக்கவில்லை. அந்த வளைவில்தான் முன்பு சோதனைச் சாவடி இருந்தது. பஸ்ஸை நிறுத்தித் தமிழரான எங்களை மட்டும் இறக்குவார்கள். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். என் சோற்றுப் பெட்டியைக்கூடத் திறந்து கிளறியிருக்கிறார்கள். அதே இடத்தில் சீருடை போட்ட ஒருவன் சுவரில் இருந்து என்னைப் பார்த்தால் எப்படி இருக்கும்? அவனுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன். மற்றவர்களும் அப்படித்தான் உட்கார்ந்தார்கள், வாங்கு போட்டிருந்த விதம் அப்படி. ஆனால் நான் வேண்டுமென்றே உட்கார்ந்தேன். பிறகு மழைக்காலம் வந்தது. ஒரு கூரையோடு எத்தனை நாளைக்குக் கோபமாக இருக்க முடியும்?

அவனுடைய அம்மா தினமும் காலையில் விளக்குமாறோடு வந்து ஹோல்டைக் கூட்டுவார். ஒரு காலத்தில் எங்கள் லயங்களுக்கு போஞ்சி, லீக்ஸ் என்று காய்கறி கொண்டுவந்து விற்றவர், தமிழ் நன்றாகப் பேசுவார். எனக்கும் அவருக்கும் பேச்சு தொடங்கியது ஒரு தைப்பொங்கலுக்கு அடுத்த நாள். பொங்கலன்று கோயிலுக்குப் போய்வந்த எங்கள் பெண்கள், போகிற போக்கில் அந்தப் படத்தின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார்கள். காலையில் நான் அதைக் கண்டேன். புத்த சமயத்துக் குடும்பம், என்ன நினைப்பார்களோ! துடைத்துவிடலாம் என்று கைக்குட்டையை எடுத்த நேரத்தில் அம்மா வந்துவிட்டார்.

"இது யாரு வச்சது, துவ?" என்று கேட்டார். துவ என்றால் மகள்.

"எங்க லயத்துப் பொம்பளைங்க, அம்மே. தப்பா நெனைக்காதீங்க. எங்க வீட்டுல செத்தவங்க படத்துக்கு இப்படித்தான் வைப்போம்."

"வீட்டு ஆளுக்கா?"

"ஆமாங்க. வீட்டு ஆளுக்குத்தான்."

அவர் வழக்கம் போலப் படத்தின் தூசியைத் துணியால் துடைத்தார். பொட்டை விட்டுவிட்டு, அதைச் சுற்றித் துடைத்தார். அன்றைக்கு என் பஸ் வரும் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் பேசாத காலை குறைவு. மழை கழுவிவிட்ட தெளிந்த காலையில் அந்த வளைவிலிருந்து தெற்குக் கடல் ஒரு கோடாகத் தெரியும் என்பார். சிறுவயதில் மகன் அதைக் காட்டி "அம்மே, தண்ணி" என்று கத்துவானாம். நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் பனிதான் தெரியும். "இன்னைக்குத் தெரியாது, நாளைக்குப் பாரு" என்பார், கடலைத் தானே விரித்து வைக்கிறவர் மாதிரி. ஒருநாள் தானாகவே சொன்னார்: "பெட்டியத் தொறக்க உடல, துவ. உள்ள என்ன இருந்துச்சோ. கல்லறைக்குப் போனா எனக்குப் பெட்டி ஞாபகந்தான் வருது. அதான் இங்க வாறேன். இங்க அவன் மொகம் இருக்கு." சோதனைச் சாவடியை நான் மறந்துவிடவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை மேல் இருந்த எரிச்சல் எப்போதோ போய்விட்டிருந்தது.

அவர் முன்னால் மட்டும் நாங்கள் நேவி என்று சொல்ல மாட்டோம். யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவு அல்ல. பெற்றவளுக்கு முன்னால் அவள் பிள்ளையை இப்படி பஸ் டிக்கட் ஆக்கிப் பேசுவது மரியாதை இல்லை என்று ஆளாளுக்கு ஒரு நினைப்பு. அவர் நின்றால் "வளைவு" என்போம். அவர் பஸ்ஸில் போவதும் அபூர்வம், மூத்த மகனிடம் த்ரீவீல் இருந்தது. எப்போதாவது ஏறினாலும் பழைய கண்டக்டர்கள் ஆளைத் தெரிந்து வாயை மூடிக்கொள்வார்கள்.

பிறகு ரோட்டை அகலமாக்கினார்கள். மெஷின் வந்து ஒரே காலையில் ஹோல்டை உடைத்துப் போட்டது. படத்தை மட்டும் பத்திரமாகப் பெயர்த்து வீட்டுக்குக் கொடுத்தார்கள், அந்த மட்டுக்கு நல்லது. பதிலுக்கு வந்தது இரும்புக் கால்களும் தகரமும், முதுகில் ஒரு போன் கம்பெனி விளம்பரமும். அம்மா அந்தப் பக்கம் வருவதை விட்டுவிட்டார்.

பிரஷர் குளிசைக்குப் பாமசிக்கு மட்டும் வந்தார். பிரஷர் ஏறியிருந்தது.

"படம் வீட்டுல இருக்குதானே, அம்மே" என்றேன்.

"வீட்டுல நான் பாக்குறேன். ரோட்டுல ஊரே பாத்துச்சு. இனி இப்படி ஒருத்தன் இருந்தான்னு யாருக்குத் தெரியும்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த பதில், உப்பைக் குறையுங்கள் என்பதுதான். உள்ளே போய் நானும் கூட வேலை செய்கிற பெண்ணும் "பாவம், தேறமாட்டாங்க போல" என்று குசுகுசுத்தோம். "எனக்குக் கேக்குது" என்றார் வெளியிலிருந்து.

சென்ற மாதம் அவருக்கு பதுளை ஆஸ்பத்திரியில் கண் கிளினிக். மகனின் த்ரீவீல் கராஜில் கிடந்ததால், லீவு போட்டு நான் கூட்டிப் போனேன். திரும்பும்போது பஸ்ஸில் முன்சீட் கிடைத்தது. கண்டக்டர் புதுப் பையன், பதுளைப் பக்கம். சண்டை நடந்தபோது பாலர் வகுப்பில் இருந்திருப்பான். வளைவு நெருங்க, இடத்துப் பெயரைக் கூவ அவன் வாயைத் திறந்தான். வேண்டாம் என்று கையைக் காட்டினேன், அவன் பார்த்தால்தானே!

"நேவி! நேவி எறங்குறவங்க முன்னுக்கு வாங்க!"

பஸ் நின்றது. கொழுந்து எடுக்கும் பெண்கள் சிலர் எங்களைத் தாண்டி இறங்கினார்கள். அம்மா எழும்பவில்லை.

"என்ன சொல்றான், துவ?"

இனி மறைத்து என்ன? "நேவி, அம்மே. ஹோல்ட் கட்டின நாள்ல இருந்து எல்லாரும் அப்படித்தான் சொல்றோம். ஒங்களுக்கு முன்னால மட்டும் சொல்றதில்ல."

திட்டுவார் என்று பார்த்தேன். அவர் வெளியே அந்தத் தகரத்தையும் விளம்பரத்தையும் பார்த்தார்.

"படம் இல்லாமயும் சொல்றாங்களா?"

"படம் இல்லாமயும்தான்."

கம்பியைப் பிடித்துப் பிடித்து வாசலுக்குப் போனார். மிதிபலகையில் நின்றுகொண்டு கண்டக்டரிடம், "மகன், இது என்ன எடம்?" என்று கேட்டார். பிறந்ததிலிருந்து அவர் குடியிருக்கும் இடம் அது.

"நேவி, அம்மே."

"காது கேக்கல. இன்னொருக்கா சொல்லு."

டிரைவர் ஹோன் அடித்தார். பையன் பாவம், கிழவிக்குக் காது மந்தம் என்று நம்பிவிட்டான். குனிந்து, கையை வாயருகே குவித்துக்கொண்டு, பஸ் முழுக்கவும் ரோடு முழுக்கவும் கேட்க, மறுபடி சொன்னான்.